தூசணம் பேசாதவன்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பொழுது சாய்ந்துவிட்டால் பாம்பைப் பாம்பு என்று சொல்லமாட்டார்கள். பூச்சி என்பார்கள். அம்மை கண்டால் ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்று பயம். அதே பயத்தில்தான் ஒரு பெண்ணுக்கு நடக்கிற அந்த அக்கிரமத்துக்கும் எங்களிடம் பெயர் கிடையாது. ‘கையப் புடிச்சு இழுத்துட்டான்’ என்போம். பஸ்ஸில் உரசினவனும் கையைப் பிடித்து இழுத்தவன்தான். வாழ்நாளுக்கும் மறக்க முடியாததைச் செய்தவனும் கையைப் பிடித்து இழுத்தவன்தான். எந்த இழுப்பு என்பதைச் சொல்கிறவளின் குரலை வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். குரல் எவ்வளவு தாழ்கிறதோ, காரியம் அவ்வளவு பெரிது. இந்தப் பாஷை லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விளங்கும். வெளியே யாருக்கும் விளங்காது.

என்னையும் ஒருவன் கையைப் பிடித்து இழுத்தான். அப்படித்தான் ஊரில் சொல்கிறார்கள், எனக்கு அது போதாது. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

அப்போது நான் லுணுகலையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றேன். ஏ எல் பரீட்சை முடித்து, மேலே போக வழியில்லாமல், கொழுந்து பறிக்கவும் மனமில்லாமல் இருந்தவளுக்கு அது பெரிய வேலை. பஸ் சந்தியோடு நின்றுவிடும். அங்கிருந்து எங்கள் லயத்துக்கு ஏறுகிற பாதை மழைக்காலத்தில் பாதையே இல்லை. நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டோ. கீழ் லயத்தில் ஒருவன் ஆட்டோ வைத்திருந்தான். என்னைத் தங்கச்சி என்பான், அம்மாவைச் சின்னம்மா என்பான். குடிக்கமாட்டான். வெற்றிலைகூடப் போடமாட்டான். மாரியம்மன் கோயில் திருவிழாவில் காவடிக்கு முன்னால் நின்று தண்ணீர் ஊற்றுகிறவன். தோட்டத்து அம்மாக்கள் எல்லாம் தங்கள் பெண் பிள்ளைகளை நம்பி ஏற்றி அனுப்புகிற ஆட்டோ அது ஒன்றுதான்.

அன்றைக்கும் அம்மாதான் அவனுக்குப் போன் போட்டாள். “மழையா இருக்குப்பா, புள்ளய ஏத்திக்கிட்டு வந்துரு.” என் அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்த பயங்கள் கொஞ்சமல்ல. பஸ் கண்டக்டரைப் பார்த்துச் சிரிக்காதே. நாட்டுக்காரச் சிங்களப் பையன்கள் நிற்கிற பக்கம் போகாதே. கடை முதலாளி தனியாக இருந்தால் உள்ளே போகாதே. தெரியாதவன் தண்ணீர் கொடுத்தால் குடிக்காதே. எல்லாப் பயமும் வெளியாளைப் பற்றித்தான். காட்டுப் பன்றிக்கு வேலி கட்டிவிட்டு, வீட்டு மாட்டை மரக்கறித் தோட்டத்துக்குள்ளேயே கட்டிப்போட்ட கதை.

பாதி மலையில், இப்போது பாவிக்காத பழைய கொழுந்து மடுவம் ஒன்று இருக்கிறது. முன்பு கொழுந்தை எடை போட்ட இடம். அங்கே ஆட்டோவை நிறுத்தினான். நல்ல பகல். வேண்டாம் என்றேன். அண்ணே என்றேன். கத்தினேன், கடித்தேன். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மீதியை எழுதமாட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை மட்டும் எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் பிறகு அதுதான் வழக்காகிவிட்டது.

அதற்குப் பிறகு அவன் என்னை வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினான். அம்மா வெளியே வந்து, “டீ குடிச்சிட்டுப் போப்பா” என்றாள். “இன்னொரு நாளைக்கு சின்னம்மா” என்று சொல்லிவிட்டு ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போனான்.

அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம், முழுக்க விளங்கியது. அவள் கேட்ட முதல் கேள்வி, “யாராச்சும் பாத்தாங்களா?” இல்லை என்றதும் அவளுக்கு உயிர் வந்தது. அடுப்பில் தண்ணீர் வைத்தாள். மஞ்சள் போட்டு என் தலையில் ஊற்றினாள். போட்டிருந்த உடுப்பு எல்லாவற்றையும் தண்ணீர்ப் பீலிக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டு அடித்துத் துவைத்தாள். “தலைக்கு ஊத்திட்டா தீட்டு போயிரும்” என்றாள். செத்த வீட்டுக்குப் போய்வந்தால் சொல்வதை அப்படியே சொன்னாள். நானும் குனிந்து உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் சுடச்சுட இருந்தது, அது மட்டும் ஆறுதலாக இருந்தது. அன்று அந்தத் தண்ணீரோடு என்ன போனது என்று பிறகு ஒரு பொலிஸ்காரர் எனக்கு விளக்கமாகச் சொன்னார்.

அடுத்த நாள் பொலிசுக்குப் போகிறேன் என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். கொழும்பில் ஹோட்டலில் வேலை செய்கிற அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர், “அம்மா சொல்றபடி கேளு” என்று சொல்லி வைத்துவிட்டார். நீ வராவிட்டாலும் நான் போவேன் என்றேன். அதனால்தான் அம்மா வந்தாள். துணைக்கு வந்தாள் என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். காவலுக்குத்தான் வந்திருக்கிறாள், நான் என்ன சொல்கிறேன் என்பதற்குக் காவல். பாதை நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள்: “கையப் புடிச்சு இழுத்தான்னு மட்டும் சொல்லு. அவங்களுக்கு வெளங்கும்.”

அவர்களுக்கு விளங்கவில்லை. தமிழ் தெரிந்தவர் லீவு. மேசையில் இருந்தது ஒரு பொம்பளைப் பொலிஸ். என் வயதை விடக் கொஞ்சம் கூட இருக்கும். நல்ல மாதிரி, அவளைக் குறை சொல்லமாட்டேன். தண்ணீர் கொடுத்தாள். எனக்குச் சிங்களம் ‘எவ்வளவு மீட்டர் வேணும்’ என்கிற அளவுக்குத்தான். அம்மாதான் பேசினாள். “அதின் எத்தா மிஸ். எச்சர தமய்.” கையைப் பிடித்து இழுத்தான், அவ்வளவுதான். சொல்லுக்குச் சொல் சரியான சிங்களம். ஆனால் சிங்களத்தில் கையைப் பிடித்து இழுத்தால் கையைப் பிடித்து இழுத்ததுதான். எந்தக் கை என்று அவள் கேட்டாள். அம்மா என் வலக்கையைத் தூக்கிக் காட்டினாள்.

அந்தப் பெண்ணுக்கு எதுவோ சரியாகப் படவில்லை போலிருக்கிறது. என் கழுத்துப் பக்கம் பார்த்தாள். அம்மாவை விட்டுவிட்டு நேரே என்னிடம் கேட்டாள். மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக.

“தூஷணய கலாத?”

தூசணம் என்றால் எங்களுக்குக் கெட்ட வார்த்தை. தண்ணி அடித்தவன் ரோட்டில் நின்று கத்துவது தூசணம். பீலியடியில் சண்டை வந்தால் பேசுவது தூசணம். அந்தச் சொல்லை எங்கள் வாழ்க்கையில் வேறு எதற்கும் நாங்கள் பாவித்ததில்லை. அவன் தூசணம் பேசினானா என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நியாயமாக யோசித்தும் பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இல்லாததை ஒருவன்மீது போடக்கூடாது.

“நே மிஸ்” என்றேன்.

அவள் மறுபடியும் கேட்டாள். நான் மறுபடியும் இல்லை என்று தலையை ஆட்டினேன். அம்மாவும் சேர்ந்து, “நே நே, தூசணம் கீசணம் ஒண்ணும் இல்ல” என்றாள். அந்தப் பெண் மூச்சு விட்டு, எனக்காகச் சந்தோஷப்பட்டு, முதுகில் தட்டிக்கொடுத்தாள். அவனைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். அவன் கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்டானாம். தோட்டத்தில் எல்லோருக்கும் அவன்மேல் மரியாதை கூடியது. இந்தக் காலத்தில் எந்த ஆம்பளை மன்னிப்புக் கேட்கிறான் என்றார்கள்.

அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்குக் கடையில்தான் தெரிந்தது. முதலாளியின் மனைவியை ராத்தா என்போம். பதுளையில் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் பிடித்து உட்காரவைத்துக் கேட்டார். பொலிசில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தபோது, தூசணம் பேசினானா என்று கேட்டார்கள், இல்லை என்றேன் என்றேன். அவர் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

“என்னண்டு கேட்டாங்க? திருப்பிச் சொல்லுங்க புள்ள.”

சொன்னேன்.

“அது கெட்ட வார்த்த இல்ல புள்ள. கெட்ட வேல. ஒங்கள நாசம் பண்ணினானாண்டு கேட்டிருக்காங்க. நீங்க இல்லண்டு சொல்லிட்டு வந்திருக்கீங்க.”

சிரிப்புத்தான் வந்தது. ஒரு மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். ஒருத்தி சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள், மற்றவள் உண்மையான பதிலைச் சொல்லியிருக்கிறாள். அவன் தப்பிப் போய்விட்டான். இதில் என்மேல் ஒரு பிழையும் இல்லை, அதை எங்கே நின்றும் சொல்வேன். ஒரு பெண் வாயைத் திறந்து நடந்ததைச் சொல்ல ஒரு சொல்லைக்கூட இந்த ஊர் எனக்குக் கொடுத்து வளர்க்கவில்லை. தமிழில் இருப்பவற்றையும் பாருங்கள். கெடுத்துட்டான் என்றால் கெட்டுப்போனவள் நான். கற்பழிச்சான் என்றால் அழிந்தது என்னுடையது. எந்தச் சொல்லை எடுத்தாலும் அழுக்கு என் பக்கம்தான் வந்து ஒட்டுகிறது. செய்தவன் சுத்தமாக ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

ராத்தா கடையை விட்டுவிட்டு என்னோடு வந்தார். இந்தமுறை தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் இருந்தார். என்னைவிட நல்ல தமிழ் பேசினார். “அன்றைக்கு இல்லை என்று சொன்னீர்கள், இன்றைக்கு ஆமாம் என்கிறீர்கள்” என்றார். ராத்தா சொல்லின் குழப்பத்தை விளக்கினார். அவருக்கு விளங்கியது, சிரிக்கவும் இல்லை. உடுத்தியிருந்த உடுப்பு எங்கே என்றார். துவைத்தாயிற்று. உடனே வைத்தியரிடம் போனீர்களா என்றார். தலைக்கு ஊற்றியாயிற்று. தடயம் எல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விட்டது என்று விளக்கினார். சரி, உங்கள் அம்மாவிடம் அன்றைக்கே சொல்லியிருக்கிறீர்கள் அல்லவா, அவர் வந்து அதைச் சொன்னால் இதை விடமாட்டேன் என்றார்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தமுறை மொழிக் குழப்பம் எதுவும் இல்லை. அவர் தமிழில் கேட்டார், அம்மா தமிழில் பதில் சொன்னாள்.

“கையத்தாங்க ஐயா புடிச்சு இழுத்தான். இவளுக்கு அவன் மேல கோவம். அதான் பெருசாக்குறா.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, முந்தானையைப் பார்த்தாள். அன்று இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம், பஸ் கூட்டமாக இருந்தது, எங்களுக்கு வேறு வேறு சீட் கிடைத்தது. அவளை மன்னித்துவிட்டாயா என்று ராத்தா சில சமயம் கேட்பார். இல்லை. மன்னிக்கவில்லை. சோறு போட்டுக் கொடுக்கிறேன், மருந்து வாங்கிக் கொடுக்கிறேன். மன்னிப்பு வேறு.

ஸ்டேசனுக்கு மூன்று தரம் படியேறியதில் தோட்டத்துக்கு ரோசம் வந்துவிட்டது. தொழிற்சங்கத் தலைவர் கோயில் முன்னால் ஆட்களைக் கூட்டினார். அதற்கு முன்பே பெண்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். பெரட்டுக்களத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும்போதே எல்லாம் பேசியாகிவிட்டது. நான் போனில் பேசிச் சிரிப்பேனாம். கடைக்குப் போக ஆரம்பித்த பிறகு கவுனைக் குட்டையாக்கிவிட்டேனாம். “ஊசி எடம் குடுக்காம நூல் நொழையுமா” என்று ஒருத்தி. “முள்ளுல சேல விழுந்தாலும் சேலயில முள்ளு விழுந்தாலும் சேதம் சேலைக்குத்தான்” என்று இன்னொருத்தி, பாவம் பார்க்கிற குரலில். இந்தப் பழமொழியைச் சொன்னவன் முள்ளைப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். நான் தேயிலைக்குள் வளர்ந்தவள், எனக்கு முள்ளைத் தெரியும். முள் இருந்த இடத்தில் இருக்கும். முள் ஆட்டோ ஓட்டாது. முள் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு பாதி மலையில் நிறுத்தாது.

தலைவர் நல்லவர்தான், சம்பளப் பேச்சென்றால் எங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவர். அவர் கண்ட முடிவு இதுதான். “கையப் புடிச்சவனே கட்டிக்கிறேங்கிறான். பையன் பெரிய மனசோட வந்திருக்கான். இதோட பேச்ச முடிச்சுக்குவோம்.”

தமிழில் கைப்பிடித்தால் கல்யாணம். அந்த ஒரு சொல்லைத் தூக்கி அடித்து, கொழுந்து மடுவத்தை மணவறையாக்கிவிட்டார்கள். நேற்று வரைக்கும் நான் அவனுக்குத் தங்கச்சி. இப்போது உட்கார்ந்து முறை பார்த்தார்கள். அவன் அப்பா வழியில் பார்த்தால்தான் தங்கச்சியாம், அம்மா வழியில் பார்த்தால் முறைப்பெண்ணாம். அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அவள் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. மகளுக்கு நடந்தது இனிமேல் நடக்காததாகிவிடும் என்று நம்பினாள். ஒரு தாலி ஏறிவிட்டால் முன்னால் நடந்ததெல்லாம் அவசரப்பட்ட புருஷன் செய்ததாகிவிடும்.

மாட்டேன் என்றேன். தலைவர் ஏன் என்றார். அவன் செய்ததை இங்கே சொல்லட்டுமா தலைவரே என்றேன். “பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு வாயி ஆகாது” என்று எழுந்துவிட்டார். யாருக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கு அப்போது அவன் மறியலுக்கு, ஜெயிலுக்குப் போக வேண்டும் என்பதுகூட இரண்டாம் பட்சமாகிவிட்டது. நடந்ததை நடந்தபடி, இழுப்பு கிழுப்பு இல்லாமல், என் தோட்டத்து மனுஷர்களில் ஒருவர் காது கொடுத்துக் கேட்டு, ஆமாம் இப்படி நடந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அது கிடைத்தால் போதும், நான் மனுஷியாக நடமாடுவேன் என்று நினைத்தேன்.

நான் மாட்டேன் என்றதில் அவனுக்கு நட்டம் இல்லை. அடுத்த வருஷம் மடுல்சீமைப் பக்கத்தில் பெண் பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் சம்மதம் சொல்வதற்கு முன்னால் மாப்பிள்ளையின் லயத்துக்குச் சொல்லாமல் வந்து நாலு வீட்டில் விசாரிப்பார்கள். பையன் எப்படி, குடியா, கெட்ட சேர்க்கையா, வேலைக்குப் போகிறானா. பெண்ணின் அம்மா வந்தாள். கொழுந்து பறித்துப் பறித்து விரல் கறுத்துப்போன பொம்பளை, என் அம்மா வயது. கண்ணுக்கு மேலே பழைய வெட்டுத் தழும்பு ஒன்று. இத்தனை வீடு இருக்க, எங்கள் வீட்டுக்கு வந்தாள். கண்டிப்பான பொம்பளை, பொய் சொல்லமாட்டாள் என்று என் அம்மாவுக்கு அந்த வட்டாரத்தில் பேர்.

நான் பின்பக்கம் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அவள் கேட்பது கேட்டது. அம்மா பதில் சொல்வதும் கேட்டது.

“தங்கமான புள்ளக்கா. வாயில ஒரு தூசணம் வராது.”

அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். வேறு எதைச் சொன்னாலும் உனக்கெப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். ஆனால் எனக்கு உள்ளே என்னவோ அறுந்துபோனது. கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து அந்த அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தேன். உங்கள் மகளுக்கு என்ன வயது என்று கேட்டேன். பத்தொன்பது என்றாள். பிறகு சொன்னேன். கையைப் பிடித்தான் என்று சொல்லவில்லை. கெடுத்தான் என்றும் சொல்லவில்லை. வைத்தியரிடம் சொல்கிற மாதிரி, எங்கே நிறுத்தினான், நான் என்ன சொன்னேன், அவன் என்ன செய்தான் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா இரண்டு தரம் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் நிறுத்தவில்லை.

அந்த அம்மா கண்ணை எடுக்காமல் கேட்டாள். சொல்லி முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீ பொய் சொல்லல தாயி. ஒன் மொகத்துலயே தெரியுது. நடந்துதான் இருக்கு.”

அத்தனை காலத்தில் எங்கள் ஆட்களில் என்னை நம்பியது அவள் ஒருத்திதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் என் கையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

“அப்ப குடி ஏதும் இருக்காக்கா?”

“இல்லக்கா. தொடவே மாட்டான்.”

அவள் தழும்பைத் தடவிக்கொண்டு, வைத்திருந்த தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

“அப்ப சரிக்கா. குடிகாரனா இருப்பானோன்னுதான் பயந்துக்கிட்டே வந்தேன்.”